உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி! கூட்டு மருந்து காப்பாற்றுமா?

உங்கள் உள்ளங்காலை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். கையைப் பார்க்கிறோம். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? முள் தைத்தால்தான் காலைத் தூக்கிப் பார்க்கிறோம். முள்ளை எடுத்ததும் மறந்துவிடுகிறோம்.

செம்பட்டி வட்டாரத்தில் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள் பலர், செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். தைப்பூசம் வந்தால், வெறுங்காலோடு பழனிக்கு நடந்து போகும் பக்தர்களைத் திண்டுக்கல் மாவட்டத்துச் சாலைகளில் பார்க்கலாம். கால் ஆணி, பித்தவெடிப்பு, முள் தைத்த தழும்பு எல்லாம் இங்கே சாதாரணம். அதனால், காலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால், "ஆணியாக இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலும் அது ஆணிதான். அல்லது மச்சம்தான். பயப்பட வேண்டியது இல்லை.

ஆனால், எப்போதாவது ஒருவருக்கு, அந்தப் புள்ளி வேறு ஒன்றாக இருந்துவிடுகிறது. அதற்குப் பெயர் மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய்களில் மிகவும் பொல்லாதது அதுதான்.

முன்பு, இந்த நோய் உடலுக்குள் பரவிவிட்டால் டாக்டர்கள் கையை விரித்துவிடுவார்கள். இப்போது நிலைமை மாறி இருக்கிறது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, பலரைப் பல ஆண்டுகள் வாழ வைக்கிறார்கள். அது எப்படி? நம் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பயன்படும்? பார்ப்போம்.

அது என்ன நோய்?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பதற்கென்றே சில அணுக்கள் இருக்கின்றன. அவை கறுப்புச் சாயத்தை உண்டாக்குகின்றன. அந்த அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகினால், அதுதான் மெலனோமா.

வெள்ளைக்காரர்களுக்கு இது அதிகம் வருகிறது. அவர்கள் தோலில் சாயம் குறைவு. வெயில் சுட்டு, தோல் அணுக்கள் கெட்டுப்போகின்றன. ஆஸ்திரேலியாவில் இது பெரிய பிரச்சினை.

நமக்கு இது அரிது. நம் கறுப்பு நிறமே நமக்குக் குடை! ஆனால், குடைக்கு வெளியே சில இடங்கள் இருக்கின்றன. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் உள்ள சதை ஆகியவைதான் அந்த இடங்கள். நம்மைப் போன்ற நிறம் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாடகரின் கால் விரல்

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி. உலகம் முழுவதும் பெயர் பெற்றவர். அவருக்குக் கால் பந்து ஆட்டம் என்றால் உயிர்.

அவருடைய கால் பெருவிரலில், நகத்துக்கு அடியில் புண் ஏற்பட்டது. பந்து விளையாடும்போது பட்ட அடி என்று நினைத்தார். 1977-ம் ஆண்டில் சோதித்துப் பார்த்தபோது, அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடும்படி சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதன் அடியில் உள்ள சதையையும் மட்டும் எடுத்தார்கள்.

நோய் பரவியது. மூளை வரை போனது. 1981-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

அந்தக் காலத்தில், பரவிய மெலனோமாவுக்கு டகார்பசீன் என்ற ஒரு மருந்துதான் முக்கியமாக இருந்தது. அமெரிக்காவில் அதற்கு 1975-ல் அனுமதி கிடைத்தது. அது சிலருக்குக் கட்டியைச் சுருக்கியது. ஆனால், விரைவில் நோய் திரும்ப வந்தது. நோய் பரவியவர்களில் பாதிப்பேர் ஓர் ஆண்டைக்கூடத் தாண்டவில்லை.

ஒரு மருந்து ஏன் போதவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை காணத் தொலைதூரம் போக வேண்டாம். சென்னைக்குப் போனால் போதும்.

காசநோய் நம் தாத்தா காலத்தில் எமனாக இருந்தது. அதற்கு ஒரு மருந்து மட்டும் கொடுத்தால், முதலில் நோய் தணியும். பிறகு கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப்போகும். அதன் பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்? ஒன்றுக்குத் தப்பிய கிருமி இன்னொன்றுக்குப் பலியாகும்.

1956-ம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் ஒரே மாதிரி இரண்டு மருந்துகளை ஓர் ஆண்டு கொடுத்தார்கள்.

முடிவு 1959-ல் வெளியானது. உலகமே வியந்தது. வீட்டில் இருந்த ஏழைகளும், ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் அடைந்தார்கள். கூட்டு மருந்தின் பலம் அது.

தொழுநோயிலும் இதே கதைதான். வெகுகாலம் டாப்சோன் என்ற ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. 1981-ல், மருந்துகளைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். அதன் பிறகு தொழுநோய் பின்வாங்கியது.

புற்றுநோய் அணுவும் கிருமியைப் போலவே தந்திரக்காரன். ஒரு வழியை அடைத்தால், வேறு வழியைத் தேடிக்கொள்வான்.

இதை முதலில் இரத்தப் புற்றுநோயில் கண்டார்கள். 1960-களில் அமெரிக்க டாக்டர்கள், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். அந்த நான்கில் ஒன்று மெதோட்ரெக்சேட். அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

ஆனால், மெலனோமா இந்தப் பழைய மருந்துகளுக்கு மசியவில்லை. பல மருந்துகளைக் கலந்து பார்த்தார்கள். தொல்லை கூடியதே தவிர, ஆயுள் கூடவில்லை. புது மருந்துகள் தேவைப்பட்டன. அவை 2011-ல் வரத் தொடங்கின. இரண்டு வகையாக வந்தன.

முதல் வகை: இரண்டு மடைகள்

வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் என்ன செய்கிறோம்? மேல் மடையை அடைக்கிறோம். ஆனால், பக்கத்து வாய்க்காலில் இருந்து தண்ணீர் கசிந்து வந்து, மறுபடியும் கீழ் மடையில் சேர்ந்துவிடுகிறது. அப்போது கீழ் மடையையும் அடைக்கிறோம்.

மெலனோமா அணுக்களுக்குள் இப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறது. "வளரு, வளரு" என்ற கட்டளை அதன் வழியே ஓடுகிறது. மேல் மடையின் பெயர் பி-ராஃப். அது கெட்டுப்போய், மூட முடியாமல் திறந்தே கிடக்கும். வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது.

டாப்ராஃபெனிப் என்ற மாத்திரை மேல் மடையை அடைக்கிறது. டிராமெடினிப் என்ற மாத்திரை கீழ் மடையை அடைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பலன் விரைவாகத் தெரியும். கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்குவது உண்டு. 563 நோயாளிகளைக் கவனித்ததில், 100-க்கு 34 பேர் 5 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் இது பெரிய வெற்றி. ஆனால், பலருக்கு ஓராண்டு ஈராண்டில் நோய் திரும்பிவிடுகிறது. மூன்றாவது வாய்க்கால் ஒன்றை அது வெட்டிக்கொள்கிறது!

இரண்டாம் வகை: காவல்காரனை அவிழ்த்துவிடுதல்

நம் இரத்தத்தில் காவல் அணுக்கள் இருக்கின்றன. அன்னியர் யாராவது நுழைந்தால் அடித்து விரட்டுவது அவற்றின் வேலை. ஆனால், காவல்காரன் வெறி பிடித்து வீட்டுக்காரனையே அடித்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக இயற்கை அவனைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறது. புற்றுநோய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. காவல்காரன் கண் எதிரிலேயே திருடுகிறது!

ஒரு கயிறு எப்படி வேலை செய்கிறது என்பதையும், அதை அவிழ்த்தால் புற்றுநோயைத் தாக்கலாம் என்பதையும் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசன் காட்டினார். இன்னொரு கயிற்றை 1992-ல் ஜப்பான் விஞ்ஞானி தசுகு ஹோஞ்சோ கண்டுபிடித்தார். 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் கயிற்றை அவிழ்க்கும் ஊசி மருந்து இபிலிமுமாப். இரண்டாவது கயிற்றை அவிழ்க்கும் ஊசி மருந்து நிவோலுமாப். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்?

அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். நோய் முற்றிய 945 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 10 ஆண்டுகள் கழித்து, 2024-ல் கணக்கை வெளியிட்டார்கள்.

இபிலிமுமாப் மட்டும் வாங்கியவர்களில், 100-க்கு 19 பேர் உயிரோடு இருந்தார்கள்.

நிவோலுமாப் மட்டும் வாங்கியவர்களில், 100-க்கு 37 பேர்.

இரண்டையும் சேர்த்து வாங்கியவர்களில், 100-க்கு 43 பேர்.

ஓர் ஆண்டைக்கூடத் தாண்டாத நோயில், 10 ஆண்டுகள்!

எதை முதலில் கொடுப்பது?

மாத்திரைக் கூட்டு முதலிலா, ஊசிக் கூட்டு முதலிலா? பி-ராஃப் கோளாறு உள்ள 265 பேரிடம் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். ஊசியில் தொடங்கியவர்களில் 100-க்கு 72 பேர் இரண்டு ஆண்டுகளைக் கடந்தார்கள். மாத்திரையில் தொடங்கியவர்களில் 52 பேர்தான் கடந்தார்கள். ஆகவே, அவசரம் இல்லாதவர்களுக்கு ஊசிக் கூட்டே முதலில் நல்லது என்று தெரிந்தது.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. காலில் புண் வந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டும். மெலனோமாவும் முதலில் அந்த நெறிக்கட்டிக்குத்தான் பரவும். அப்படிப் பரவியவர்களுக்கு முன்பு உடனே ஆபரேஷன் செய்தார்கள். மருந்தைப் பிறகு கொடுத்தார்கள். நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் டாக்டர்கள் இதை மாற்றிப் பார்த்தார்கள். கூட்டு மருந்தை இரண்டே தடவை கொடுத்தார்கள். அதன் பிறகு ஆபரேஷன் செய்தார்கள்.

முடிவு 2024-ல் வந்தது. மருந்தை முன்னால் வாங்கியவர்களில், 100-க்கு 84 பேர் ஓர் ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆபரேஷனை முதலில் செய்துகொண்டவர்களில் 57 பேர்தான் அப்படி இருந்தார்கள். கட்டி உடலில் இருக்கும்போதே காவல்காரனை அவிழ்த்துவிட்டால், அவன் திருடனின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறான்!

அமிர்தமும் நஞ்சு

கயிற்றை அவிழ்த்த காவல்காரன், சில சமயம் வீட்டுக்காரனையும் அடிப்பான். குடல் வீங்கிப் பேதியாகும். ஈரல் கெடும். தோல் தடிக்கும். நுரையீரல் வீங்கி மூச்சு வாங்கும். தைராய்டு சுரப்பி பழுதுபடும்.

மேலே சொன்ன ஆராய்ச்சியில், இரண்டு மருந்துகளை வாங்கியவர்களில் 100-க்கு 59 பேருக்குக் கடுமையான தொல்லை ஏற்பட்டது. நிவோலுமாப் மட்டும் வாங்கியவர்களில் அது பாதிக்கும் குறைவு.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். ஒற்றை மருந்தில் 37 பேர். கூட்டு மருந்தில் 43 பேர். அதிகம் 6 பேர். அந்த 6 பேரின் உயிர் பெரியது. ஆனால், அதற்காகப் பலர் பெரும் துன்பத்தைத் தாங்க வேண்டும். வயதானவருக்கு, உடல் தளர்ந்தவருக்கு, ஒற்றை மருந்தே நல்லதாக இருக்கலாம். மூளைக்குப் பரவியவருக்குக் கூட்டு மருந்தே தேவைப்படலாம். "இரண்டு மருந்து என்றால் இரண்டு மடங்கு பலன்" என்று நினைத்துவிடக் கூடாது. நோயாளியும் குடும்பத்தாரும் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

இந்த மருந்தை வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பேதி வந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிக்கு அன்றே சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால், வேறு மருந்து கொடுத்துக் காவல்காரனை அடக்கிவிடுவார்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கூட்டு மருந்து என்றால், வீட்டில் நாமே நாட்டு மருந்தையும் கலந்துகொள்வது அல்ல. வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நம் காலுக்கு இது பொருந்துமா?

இதுதான் நமக்கு முக்கியமான கேள்வி.

மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு வந்தது வெயிலால் வந்த மெலனோமா. வெயில் சுட்ட அணுவில் கோளாறுகள் ஏராளம். அதனால் காவல்காரன் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறான். உள்ளங்கால் மெலனோமாவில் அத்தனை கோளாறுகள் இல்லை. அது நல்ல பிள்ளை மாதிரி வேஷம் போடுகிறது. ஆகவே, ஊசிக் கூட்டு அதற்கும் வேலை செய்கிறது. ஆனால் குறைவாக வேலை செய்கிறது. மாத்திரைக் கூட்டுக்கு பி-ராஃப் கோளாறு இருக்க வேண்டும். உள்ளங்கால் மெலனோமாவில் அது ஐந்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம்.

அடுத்தது பணம். இந்த மருந்துகளின் விலை மிக அதிகம். நடுத்தரக் குடும்பமே தாங்காது.

இதற்கு இந்தியாவில் ஒரு வழி தேடுகிறார்கள். மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள், முற்றிய வாய், தொண்டைப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று மலிவான மாத்திரைகளோடு, நிவோலுமாப் மருந்தை 20 மில்லிகிராம் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை சேர்த்தார்கள். வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை! மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில், 100-க்கு 16 பேர் ஓர் ஆண்டைத் தாண்டினார்கள். ஊசியும் சேர்ந்தவர்களில் 43 பேர் தாண்டினார்கள். முடிவு 2022-ல் வெளியானது. இது மெலனோமாவில் செய்த சோதனை அல்ல. அப்படியே அதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், ஏழை நாட்டுக்கு ஏற்ற கூட்டு மருந்தை நாமே கண்டுபிடிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. 1956-ல் சென்னை காட்டியதும் அதைத்தானே?

மருந்தே தேவைப்படாத வழி

எல்லாவற்றையும்விட மலிவான சிகிச்சை ஒன்று இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் அது!

மெலனோமா தோலின் மேற்புறத்தில் இருக்கும்போதே, அதாவது 1 மில்லிமீட்டர் ஆழம்கூட இறங்காதபோதே, கண்டுபிடித்துவிட்டால், சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலோருக்கு அதோடு சரி. ஊசி இல்லை. மாத்திரை இல்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

உள்ளங்கால், உள்ளங்கை, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள கரும்புள்ளி பெரிதாகிக்கொண்டே போகிறதா? பென்சிலின் அடிப்பக்கத்தைவிட அகலமாக இருக்கிறதா? அதன் ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா? ஒரே புள்ளியில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறம் தெரிகிறதா? இரத்தம் கசிகிறதா? ஆறாத புண்ணாகிவிட்டதா?

நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து, அகலமாகிக்கொண்டே போகிறதா? அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவுகிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பிளேடால் சீவாதீர்கள். சூடு போடாதீர்கள். சுண்ணாம்பு, அமிலம் வைக்காதீர்கள். ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். செம்பட்டியில் பஸ் ஏறினால், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். சந்தேகம் இருந்தால், அந்த இடத்தில் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். "சதை எடுத்தால் நோய் பரவிவிடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. சோதிக்காமல் விட்டால்தான் பரவும்.

புற்றுநோய் என்று தெரிந்தால், மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான ஆஸ்பத்திரி அது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சைக்கு இடம் உண்டு என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: நோய் எவ்வளவு ஆழம்? நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா? பி-ராஃப் சோதனை செய்ய வேண்டுமா? ஒற்றை மருந்தா, கூட்டு மருந்தா, ஏன்?

தனி மரம் தோப்பு ஆகாது. தனி மருந்தும் சில நோய்களை வெல்லாது. மருந்தோடு மருந்து சேர வேண்டும். மருந்தோடு கத்தி சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நம் கண் சேர வேண்டும்.

இன்று இரவு கால் கழுவும்போது, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் குனிய முடியாமல் இருந்தால், பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு முறை போதும். ஐந்து நிமிடம் ஆகும். காசு செலவு இல்லை.